உப்பு கரையும் சத்தம்

எங்கள் வகுப்பில் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வகுப்பில் எந்தச் சண்டை வந்தாலும் தீர்ப்புக்கு அவளிடம்தான் போவோம். யார் முதலில் குரலை உயர்த்தியது, யார் நாற்காலியை இழுத்தது, யார் செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் பூனை மாதிரி நழுவியது, எல்லாம் அவள் காதில் பதிவாகியிருக்கும். "ஆரம்பிச்சது நீ. இப்ப மூக்கை உறிஞ்சிக்கிட்டு வந்து புகார் சொல்றதும் நீ. போய் மன்னிப்புக் கேளு" என்று அவள் சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

என்னை ரேடியோ என்பார்கள். அதற்கு விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களும் நாங்கள் ஒரே பெஞ்சு. வேதியியல் பாடத்தில் அவள்தான் முதல். நான் வாய்விட்டுப் படிப்பேன், அவள் கேட்பாள். மறுநாள் நான் மறந்திருப்பேன், அவள் மறந்திருக்க மாட்டாள். ஆனால் செய்முறை வகுப்பு வந்தால் நாங்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போவோம், அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். பார்வையில்லாத மாணவர்களுக்குச் செய்முறையிலிருந்து விலக்கு உண்டு. பரீட்சையிலும் அதற்குப் பதிலாகச் சில கேள்விகளுக்கு எழுதிக் கொடுத்தால் போதும். சலுகைதான். அவளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் கெமிஸ்ட்ரி மிஸ் கதவைத் திறக்கும்போது எழுந்து நின்றாள்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா."

"வேதியியல்ல பாதி இந்த ரூமுக்குள்ளதான நடக்குது? அப்ப நான் பாதிப் பாடத்தைத்தான் படிக்கிறேனா?"

மிஸ் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் அக்கா வயதுதான் இருக்கும். பதில் தெரியாவிட்டால் கைக்கடிகாரத்தின் பட்டையைத் திருகுவார். அன்றைக்கும் திருகினார்.

"ரூல் அப்படி இருக்கேம்மா."

"நான் செய்முறை செய்ய வேணாம்னுதான் மிஸ் ரூல் சொல்லுது. உள்ள வந்து உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே."

மிஸ் உள்ளே போய், என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டார். "தொடக் கூடாது. உக்காந்து மட்டும் இரு."

"சரி மிஸ்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரியும்.

அன்றைய பாடம் கரைதிறன். அளந்த தண்ணீரில் வெடியுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். இனி ஒரு துகள்கூடக் கரையாது என்ற நிலை வரும்போது நிறுத்த வேண்டும். அதற்குத் தெவிட்டிய கரைசல் என்று பெயர். "உன் பேச்சைக் கேட்டா எனக்கு வருமே, அந்த நிலைமை" என்று ஜட்ஜம்மா ஏற்கெனவே ஒரு விளக்கம் சொல்லியிருந்தாள்.

நான் வழக்கம்போல நேர்முக வர்ணனை செய்துகொண்டே கலக்கினேன். "இப்ப மூணாவது ஸ்பூன் போட்டாச்சு. பால் மாதிரி கலங்குது. இதோ தெளியுது. தெளிஞ்சிடுச்சு. அடுத்த ஸ்பூன் எடுக்கறேன்…"

"எடுக்காதே. இன்னும் கரையல."

"நீ பாத்தியாக்கும்!"

"கேட்டேன். கண்ணாடிக் குச்சி அடியில உரசும்போது இன்னும் கரகரங்குது. கலக்கு. வாயை மூடிட்டுக் கலக்கு."

குனிந்து பார்த்தேன். பீக்கரின் அடி ஓரத்தில், கண்ணாடி வளைகிற இடத்தில், நாலைந்து துகள்கள் ஒண்டிக்கொண்டிருந்தன. மேலிருந்து பார்த்தபோது தெரியவேயில்லை. மறுபடி கலக்கினேன். "இன்னும்… இன்னும்… ம், போயிடுச்சு" என்றாள். குனிந்து பார்த்தால், போய்த்தான் இருந்தது.

எங்களுக்குப் பின்னால் மிஸ் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது, ஜட்ஜம்மாவுக்குத் தெரிந்திருக்கும். மிஸ் போய் மூன்று பீக்கர்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் முழுதும் கரைந்த உப்பு. மூன்றாவதில் ஒரு சிட்டிகை கரையாமல் கிடந்தது. தொடக் கூடாது என்று சொன்ன அதே மிஸ் கண்ணாடிக் குச்சியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஜட்ஜம்மா ஒவ்வொன்றிலும் குச்சியை விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். "இது ரெண்டும் சும்மா இருக்கு. இதுலதான் ஆள் இருக்கு" என்று மூன்றாவது பீக்கரைத் தட்டினாள்.

மிஸ் சிரித்த சிரிப்பில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. "இவ்வளவு வருஷம் படிச்சிருக்கேன். கெமிஸ்ட்ரியைக் காதால கேட்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே!"

மறுநாளிலிருந்து எங்கள் மதிய இடைவேளை ஆய்வுக்கூடத்தில்தான் கழிந்தது. டப்பாவைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். முதல் பிரச்சினை அளப்பது. அளவுக் குவளையின் கோடுகள் அவளுக்கு எதற்கு உதவும்? மிஸ் ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்து, அதன் தண்டில் பிளேடால் வெட்டுக் குறிகள் போட்டார். விரல் நகம் குறியில் சிக்கும் இடத்தில் நிறுத்தினால் அளவு சரியாக இருக்கும். தராசுக்கு வழி ஜட்ஜம்மாவே கண்டுபிடித்தாள். இரண்டு தட்டுகளின் விளிம்புக்கும் அடியில் ஒவ்வொரு விரலை நீட்டி, எது முதலில் விரலைத் தொடுகிறது என்று பார்ப்பாள். இரண்டும் ஒரே சமயத்தில் தொட்டால் எடை சமம். காலிப் பாத்திரத்தையும், கலக்கும் குச்சியையும்கூட எடை போட்டுவிட்டுத்தான் எதையும் தொடங்குவாள். "எதுக்குடி இதெல்லாம்?" என்றால், "எனக்கு ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் யோசிச்சுக்கலாம்ங்கற வசதி இல்ல. எல்லாத்தையும் முதல்லயே தெரிஞ்சு வச்சுக்கணும்" என்பாள்.

வெப்பமானிக்கு மட்டும் யாருக்கும் வழி தெரியவில்லை. மிஸ் கடிகாரப் பட்டையைத் திருகோ திருகென்று திருகினார்.

"பரவாயில்ல மிஸ்" என்றாள் ஜட்ஜம்மா. "கண்ணு தெரியறவங்களே கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறாங்க. எனக்கு ரேடியோ இருக்காளே. என்ன, நம்பரை மட்டும் சொல்லணும். நம்பருக்கு முன்னாடி பின்னாடி கதை சொல்லக் கூடாது."

நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்க அவள் செய்த கருவியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஜூஸ் உறிஞ்சும் குழாய் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்தாள். உயரமான சோதனைக் குழாயில் கரைசலைத் தளும்ப ஊற்றி, அதை உள்ளே மிதக்கவிட்டாள். தண்ணீரில் உப்பு ஏற ஏற மிதவையும் மேலே ஏறும். கண்ணாடி விளிம்பிலிருந்து அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று நகத்தால் தடவிப் பார்ப்பாள். மிஸ் வெவ்வேறு செறிவில் கலந்து வைத்த குழாய்களை இடம் மாற்றி மாற்றி வைத்தாலும், நீர்த்ததிலிருந்து அடர்ந்ததுவரை அவள் வரிசைப்படுத்திவிடுவாள்.

ஒருநாள் வரிசை தப்பியது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். சாப்பிடவில்லை, பேசவில்லை, என்னையும் பேசவிடவில்லை. அந்த ஒரு குழாயிலேயே மறுபடி மறுபடி மிதவையைப் போட்டு எடுத்தாள். கடைசியில் மிதவையை விரலால் உருவி, "அட, காத்துக் குமிழிடி! இது மேல ஒட்டிக்கிட்டு இவனைத் தூக்கி விட்டிருக்கு" என்றாள். துடைத்துவிட்டுப் போட்டதும் மிதவை இறங்கியது. அப்புறம்தான் டப்பாவைத் திறந்தாள். மிஸ் அன்றைக்கு அவளைப் பாராட்டக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விபத்து நடந்தது.

செய்முறை வகுப்பில், சூட்டுக்கும் கரைதிறனுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் சோதனை அது. வெந்நீரில் வெடியுப்பைத் தாராளமாகக் கரைத்துவிட்டு, ஆறவிட வேண்டும். ஆறிக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் தண்ணீரால் அவ்வளவு உப்பைத் தாங்க முடியாமல் முதல் படிகம் விழும். அது எந்தச் சூட்டில் விழுகிறது என்று குறிக்க வேண்டும். எங்கள் மேஜையில் எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஜட்ஜம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் பக்கத்து மேஜைப் பெண் இடம் போதாமல், கொதித்த தண்ணீர் பீக்கரைச் சற்று நேரம் எங்கள் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். காலியாக இருக்க வேண்டிய அந்த இடத்துக்கு ஜட்ஜம்மாவின் கை போனது.

மணிக்கட்டிலிருந்து புறங்கை முழுக்க வெந்நீர். அவள் அலறவில்லை. "பர்னரை அணை, யாரும் ஓடாதீங்க" என்றுதான் முதலில் சொன்னாள். பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மிஸ் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்தார்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் நர்ஸ். வேலை உடுப்போடு அப்படியே வந்தார். மகளின் கையைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார்.

"நான் உங்க மேல கோபப்படல டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. ஆனா தினமும் நான் எதைப் பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியாது. இனிமே இவ அந்த ரூமுக்குள்ள வர வேணாம்."

ஜட்ஜம்மா மறுபடி வராந்தாவுக்குப் போனாள். நான் உள்ளேயிருந்து சத்தமாக வர்ணனை செய்து பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாட்களில்தான் அவளை முதல்முறையாகச் சோர்ந்து பார்த்தேன்.

புண் ஆறிக் கட்டுப் பிரித்த அன்று அவள் அம்மாவிடம் கேட்டாளாம். நான் அன்று அவர்கள் வீட்டில் இல்லை. அவள் சொல்லித்தான் தெரியும். அம்மா புறங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா, உன்கிட்ட சுட்டுக்கிட்டு எத்தனையோ பேர் வர்றாங்கல்ல?"

"வராம? அடுப்படியில, பட்டறையில, பேக்கரியில… எல்லா இடத்திலேருந்தும் வர்றாங்க."

"அதுல கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர்?"

அம்மா மருந்து தடவுவதை நிறுத்திவிட்டார். அவருடைய இத்தனை வருட வேலையில் அப்படி ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

"என்கிட்ட வாதாடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் அடுத்த வாரம் ஒரு மதியம், நானும் மிஸ்ஸும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் உயர்ந்த விளிம்புள்ள பெரிய எஃகுத் தட்டு.

"இது எங்க டிரெஸ்ஸிங் ரூம் டிரே. பழசு, கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். மேஜையின் நடுவில் வைத்து, அதில் ஒவ்வொரு பொருளாக அடுக்க ஆரம்பித்தார். "எங்க ரூம்ல இடுக்கி எங்க, பஞ்சு எங்க, கத்திரி எங்கன்னு ஒரு ஒழுங்கு உண்டு. நோயாளி முகத்தைப் பாத்துப் பேசிக்கிட்டே கையை நீட்டுவோம், வேண்டியது கைக்கு வரும். நாங்க மட்டும் என்ன, பாத்தா எடுக்கறோம்?" மகளின் விரல்களைப் பிடித்து டிரேயின் விளிம்பைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். "சூடானது எல்லாம் இதுக்குள்ள, வலது மூலையில மட்டும். வேற ஆளோட சாமான் எதுவும் இந்த விளிம்பைத் தாண்டி உள்ள வரக் கூடாது. வந்தா நீ வேலையை நிறுத்திடணும். இப்பப் பண்ணு, நான் பாக்கறேன்."

ஜட்ஜம்மா உப்பை எடை போட்டு, தண்ணீரை அளந்து, குச்சியைச் சுழற்றிக் காதைச் சாய்த்தாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் துறுதுறுவென்றது. மிஸ் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "தெவிட்டிடுச்சு" என்று மகள் சொன்னபோது, அம்மா குனிந்து பீக்கரைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உடுப்பின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு மிஸ் விடவில்லை. பரீட்சை அலுவலகத்துக்கு எழுதினார், நேரில் போனார், மறுபடி எழுதினார். கடைசியில் அனுமதி வந்தது. விலக்கு வேண்டாமென்றால் செய்முறையைச் செய்யலாம்; வெப்பமானியை வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆளுக்கு அறிவியல் தெரிந்திருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைக்கு எங்கள் பள்ளியில் எல்லோரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது விளையாட்டு சாரை.

"எனக்குக் கெமிஸ்ட்ரியில ஒரு எழுத்துத் தெரியாதேம்மா" என்று அவர் பதறினார்.

"அதுதான் சார் உங்க தகுதி" என்றாள் ஜட்ஜம்மா.

அவருக்குத் தெரியாதது கெமிஸ்ட்ரி மட்டுமா, மெதுவாகப் பேசவும் தெரியாது. மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஒத்திகையில் அவர் ரகசியமாக "அம்பத்திரண்டு" என்று சொன்னதில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. பாவம், அவரும் தினமும் வந்து பழகினார்.

பரீட்சை நாளன்று எங்களை வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் சோதித்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. பாடம் நடத்திய மிஸ் உள்ளே வரக் கூடாது என்பதால் வராந்தாவில், ஜட்ஜம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில், உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவரும் மடித்த சீட்டு ஒன்றை எடுத்தோம். எனக்கு அமிலக் கரைசலின் செறிவு கண்டுபிடிப்பது. ஜட்ஜம்மாவின் சீட்டைத் தேர்வாளர் வாசித்தார்: வெந்நீர், வெடியுப்பு, முதல் படிகம் விழும் சூடு. கையைச் சுட்ட அதே சோதனை. புறங்கையை மறு கையால் ஒருமுறை தடவிக்கொண்டு, டிரேயின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

காலிப் பாத்திரத்தையும் குச்சியையும் எடை போட்டாள். உப்பு, தண்ணீர், பர்னர், எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. உப்பு முழுதும் கரைந்ததும் பாத்திரத்தை இடுக்கியால் இறக்கி, டிரேயின் வலது மூலையில் வைத்து, குச்சியைச் சுழற்றியபடி காதைச் சாய்த்தாள். விளையாட்டு சார் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, ஒவ்வொரு எண்ணாகக் கிசுகிசுத்தார்.

ஆனால் நாங்கள் பழகிய மதிய வேளைகளில் அறையில் மூன்று பேர்தான் இருப்போம். இன்றைக்கோ முழு வகுப்பு; முதல் படிகத்தின் சத்தமோ கரையாத உப்பின் கரகரப்பைவிட மெல்லியது. எங்கு பார்த்தாலும் கண்ணாடி மேல் கண்ணாடி மோதும் சத்தம், பர்னர்களின் சீறல், சுவரில் புகை இழுக்கும் மின்விசிறியின் கடகடப்பு. அவள் நெற்றி சுருங்கியது. குனிந்தாள், இன்னும் குனிந்தாள். கடைசியில் குச்சி அடியில் எதிலோ வழுக்கியதும் நிமிர்ந்துவிட்டாள். படிகம் எப்போதோ விழுந்து குவிந்திருந்தது. அவள் பர்னரை மறுபடி பற்றவைத்தாள்.

தேர்வாளர் வந்தார். "ஏம்மா, மறுபடி சூடு பண்றே?"

"முதல் படிகம் விழுந்தது எனக்குக் கேட்கல சார். ரூம்ல சத்தம் அதிகமா இருக்கு. நான் குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்ல விரும்பல."

"கேட்கலையா?" அவருக்கு முதலில் புரியவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, அவள் குச்சியைச் சுழற்றும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புரிந்ததும் விறுவிறுவென்று சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார்.

கடகடப்பு நின்றது. பாத்திரம் மறுபடி டிரேக்கு இறங்கியது. பக்கத்து மேஜைப் பெண் தன் பர்னரை அணைத்துவிட்டுக் குச்சியைத் துணியின் மேல் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு இன்னொருத்தி. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்த பரீட்சை அது. எல்லோருக்கும் முடிக்க வேண்டிய வேலை இருந்தது. இருந்தும் ஒவ்வொரு மேஜையாக அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. யாரோ போய் அதையும் இறுக்கினார்கள்.

"நாப்பத்தி நாலு" என்றார் விளையாட்டு சார். நிஜமாகவே கிசுகிசுத்தார். "நாப்பத்தி மூணு."

கண்ணாடிக் குச்சி வெண்ணெயில் போவது மாதிரி போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

"நாப்பத்தி ரெண்டு."

அப்புறம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பட்டுத் துணியை நகத்தால் கீறினால் வருமே, அவ்வளவு மெல்லிய சத்தம்.

"இப்ப சார்!"

"நாப்பத்தியொண்ணு!" உணர்ச்சிவசப்பட்டு, மைதானத்துக் குரலிலேயே கத்திவிட்டார். கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. வகுப்பு முழுக்கச் சிரித்தது, தேர்வாளரும் சிரித்தார். அவரே போய் மின்விசிறியைப் போட்டார். நாங்கள் பரபரவென்று எங்கள் வேலைக்குத் திரும்பினோம்.

கணக்கை அவள் சொல்லச் சொல்ல விளையாட்டு சார் எழுதினார். தேர்வாளர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டார்.

"அட்டவணைப்படி இந்தச் சூட்டுக்கு உன் விடை இன்னும் கொஞ்சம் கூட வரணுமே. எங்க இடிக்குது?"

அவள் தயங்கவேயில்லை. "ரெண்டு தடவை கொதிக்க வச்சேன் சார். தண்ணி கொஞ்சம் ஆவியாப் போயிருக்கும். கணக்குல நான் ஊத்தின முழுத் தண்ணியையும் வச்சிருக்கேன். அதனால குறைவா காட்டுது."

"சரி, அப்போ அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதிடலாமா?"

"எவ்வளவு தண்ணி போச்சுன்னு தெரியாம எப்படி சார் மாத்தறது?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆனா தெரிஞ்சுக்கலாம். காலிப் பாத்திரம் எவ்வளவு எடை, குச்சி எவ்வளவு எடைன்னு எனக்குத் தெரியும். உப்பும் தெரியும். இப்ப எல்லாத்தையும் சேத்து எடை போட்டா மிச்சம்தான் தண்ணி. நேரம் இருக்கா சார்?"

தேர்வாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருக்கு. பண்ணு."

வெப்பமானியில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பாத்திரத்தின் விளிம்பில் வழித்துவிட்டாள். குச்சியோடு பாத்திரத்தைத் தட்டில் வைத்து, எடைக்கற்களை ஒவ்வொன்றாக மறுதட்டில் சேர்த்தாள். இரண்டு விரல்களையும் தட்டுகளுக்கு அடியில் நீட்டிக் காத்திருந்தாள். மிகச் சிறிய கல்லை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். என் மேஜையில் பியூரெட் குழாயிலிருந்து அமிலம் சொட்டிக்கொண்டேயிருந்தது. நான் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகள் இரண்டும் ஒரே சமயத்தில் விரல்நுனிகளைத் தொட்டன.

கிட்டத்தட்ட இரண்டு கிராம் தண்ணீரைக் காணோம். அதைக் கழித்துவிட்டு மனக்கணக்காகவே புதிய விடையைச் சொன்னாள். தேர்வாளர் அட்டவணையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அட்டவணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இந்தச் சோதனையைப் பாக்கறேன்மா" என்றார். "விடை தப்பா வந்தா பிள்ளைங்க அழிச்சிட்டு எழுதும். காணாமப் போன தண்ணியைத் தேடிப் பிடிச்ச பிள்ளையை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

வெளியே மிஸ்ஸோடு அம்மாவும் நின்றிருந்தார், வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மகள் வந்ததும் பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. இரண்டு கைகளையும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு" என்றார். ஜட்ஜம்மா சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் மிஸ் அழ ஆரம்பித்தார். விளையாட்டு சார் பாதியில் நுழைந்து, தான்தான் அந்தப் படிகத்தை விழவைத்த மாதிரி கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"நீங்க எல்லாரும் ஏன்டி வேலையை நிறுத்தினீங்க? நேரம் போயிடாது?" என்று வழியில் என்னிடம் கோபித்துக்கொண்டாள். என் சோதனையில் அமிலம் அளவுக்கு மீறிச் சொட்டி, விடை எங்கேயோ போய்விட்டது என்பதைச் சொன்னேன். "அது என் தப்பில்ல. நீ பராக்குப் பாத்த தப்பு" என்று தீர்ப்பு வந்தது.

செய்முறையில் அவளுக்கு முழு மதிப்பெண். கல்லூரியில் வேதியியலுக்கு விண்ணப்பம் போட்டாள்; நேர்காணலுக்கு அம்மாவும் மிஸ்ஸும் கூடப் போனார்கள். அங்கே துறைத்தலைவர் மதிப்பெண்களைப் பார்த்து மகிழ்ந்தார், அவளைப் பார்த்துத் தயங்கினார். ஆய்வுக்கூடத்தில் ஆபத்து அதிகம், வேறு பாடம் எடுக்கலாமே, வரலாறு, மொழி என்று மெதுவாக ஆரம்பித்தார். பதில் சொல்ல மிஸ் வாயைத் திறப்பதற்குள் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

"சார், இவ சுட்டுக்கிட்டா நான் கட்டுப் போட்டுக்கறேன். அது என் வேலை. பாடம் சொல்லிக் குடுக்கறது உங்க வேலை. அதை நீங்க பாருங்க."

துறைத்தலைவர் அம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எந்த மேஜை வசதியாக இருக்கும் என்று கேட்டார்.